பத்துக்குப் பத்து

சேதராப்பட்டு தாண்டியதும்
தொழிற்பேட்டை இரைச்சல் முதுகுக்குப் பின்னால் போனது.
செம்மண் தீர்ந்து
சாம்பல் வெளுப்பில் நிலம் தொடங்குகிற இடத்தில்
டவுன் பஸ் எங்களை இறக்கிவிட்டது.
நூறு நாள் வேலை இல்லாத வாரம்.
முந்நூற்றைம்பது கூலிக்கு
அஞ்சலாட்சி கயிற்றின் மறுமுனையை வாங்கிக்கொண்டார்.

பத்து மீட்டர். திரும்பி இன்னொரு பத்து.
நான்கு முளை, நான்கு முடிச்சு.
எறும்பு வரிசை ஒன்று
சதுரத்தைப் பொருட்படுத்தாமல்
குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

வீரை, சுற்றளவு நாற்பத்தொன்று.
காயா, பதினெட்டு.
பூத்து ஓய்ந்து குச்சியெல்லாம் நீலத் தூசி.
இரும்பலி, பதினொன்று.
"இது வளராதுங்க.
எனக்குக் கண்ணாலம் ஆனப்பவும்
இதே கனத்துலதான் நின்னுச்சு."
உலக்கைப்பாலைக்கு டேப் பத்தவில்லை.
ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டிப்பிடித்து
விரல் நுனி தொட்டுக்கொண்டோம்.
மரப்பட்டை வெயிலை வைத்திருந்தது,
அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போல.

ஆனி மாதம்.
ஐப்பசிவரை மழை என்று ஒன்று இல்லை.
சுற்றியிருந்த தைலமரங்கள்கூட வாடித் தொங்க
இந்தச் சதுரத்துக்குள் ஒரு இலை பழுக்கவில்லை.
சின்ன இலைகள், தடித்தவை,
செருப்புத் தோலில் நறுக்கி எடுத்தாற்போல.
ஒவ்வொன்றும் தன் தண்ணீரைத்
தானே எண்ணி வைத்திருந்தது.

மண்ணைத் தோண்டி
குப்பியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விட்டேன்.
மண் சீறி நுரைத்தது.
"சோடா கணக்கா பொங்குதே!"
சுண்ணாம்பு என்றேன்.
"வெத்தலைக்கு ஆவுமா?"
ஆகாது என்றேன்.
அப்படியானால் இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி
நுரை அடங்கும்வரை பார்த்திருந்தார்.

ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை எதிலோ மோதியது.
சிப்பி.
கல்லாகிப்போன சிப்பி,
விசிறி வரிகள் ஒன்றுகூட அழியாமல்.
கடல் இங்கிருந்து கிழக்கே
இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.
அதன்மேல் வீரையின் வேர் ஒன்று
நரம்பு போல ஒட்டிக் கிடந்தது.
வேரை அறுக்காமல் எடுக்க வழியில்லை.
மண்ணை மூடினோம்.

சூரை முள்ளில் சிக்கிய முந்தானையை
ஒவ்வொரு முள்ளாக விடுவித்துக்கொண்டே
என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.
எழுத்துக் கூட்டிப் படித்தார்:
"தாவரச் ச-மூ-கம்."
கீழே ஒரு கோடு, காலியாக.

"செடிக்குக் கூடவா கம்யூனிட்டி கேக்கறாங்க?"

பையனின் சான்றிதழுக்காக
தாலுக்கா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தவர்.
நான் விளக்கத் தொடங்கினேன்.
இந்த மண்ணைத் தாங்குகிறவை எவை,
யார் நிழலில் யார்,
எந்தக் கொடி எந்தக் கிளையில்.
மொத்தத்தில், யார் யாரோடு
சேர்ந்து நிற்கிறார்கள் என்பதுதான்.

கடைசி முள்ளையும் எடுத்து முடித்தார்.
"எங்கூர்ல அது
யார் யாரோட நிக்கக் கூடாதுங்கறதுக்கு."

என்னிடம் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
மைனா ஒன்று எங்கோ கத்தியது.
பேனாவை உதறினேன், மை இருந்தும்.

பிறகு கன்றுகள்.
சங்கஞ்செடிப் புதருக்குள்
ஆடு வாய் வைக்க முடியாத இடமாகப் பார்த்து
மூன்று வீரைக் கன்றுகள்.
அவர்தான் கண்டுபிடித்தார்.
குனிந்து எண்ணி, விரல் காட்டினார்.
களா இரண்டு. ஆத்தொண்டை ஒன்று.
குன்றிமணிக் கொடி கணக்கில் அடங்கவில்லை.

தென்கிழக்கு மூலையில்
ஒரு காட்டுநாரத்தை,
கயிற்றுக்கு நாலு விரற்கடை வெளியே.
விதி எளியது:
வெளியே நின்றால் எழுதக் கூடாது.
சொன்னேன்.
இலையைக் கசக்கி முகர்ந்தார்.
என் பக்கமும் நீட்டினார்.
பிறகு முளையைப் பிடுங்கி,
ஒரு சாண் தள்ளி ஊன்றி,
கல்லால் இரண்டு தட்டு தட்டினார்.

"இப்ப எழுதுங்க."

சதுரம் கொஞ்சம் கோணியிருந்தது.
எழுதினேன்.